முன்னால் பாலா இருக்கிறார்

"ஆகே பாலா ஹை. ஆராம் ஸே ஜானா."

எதிரே இறங்கி வந்த ஜீப்பின் ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி இதைச் சொல்லிவிட்டுப் போனார். மணாலியைத் தாண்டிப் பல்சான் கிராமத்தை நெருங்கிக்கொண்டிருந்தோம். காலை எட்டேகால் மணி. பின் சீட்டிலிருந்த என் மனைவி, "யாருங்க அந்த பாலா?" என்றாள். ஸ்டியரிங்கில் இருந்த மைத்துனன், "செக்போஸ்ட்ல நிக்கிற போலீஸ்காரரா இருக்கும்க்கா. மெதுவா போகச் சொல்லுதாரு" என்றான்.

டெல்லியில் பதினோரு வருடமாகக் குப்பை கொட்டுகிறவன் நான். பாலா என்றால் இந்தியில் உறைபனி என்று எனக்காவது தெரிந்திருக்க வேண்டும். அது வயல் வைத்திருப்பவர்களின் சொல். ஏழாவது மாடியில் குடியிருப்பவனுக்கு அதுவரை தேவைப்படவில்லை.

அடுத்த வளைவில் அவரைச் சந்தித்தோம். தேவதாரு மரங்களின் நிழல் விழுந்த இடம். தார் இப்போதுதான் தண்ணீர் தெளித்தது போலக் கறுப்பாக மினுங்கியது. அவ்வளவுதான், வெள்ளையாக ஒன்றுமில்லை. நல்ல வேளையாக யாரோ அதன் மேல் சாம்பலும் மண்ணும் அள்ளிப் போட்டிருந்தார்கள். காரின் பின்பக்கம் ஒரு முறை, கன்றுக்குட்டி வாலை ஆட்டுவது போல, ஆடிவிட்டு நேரானது. மூவரும் சிரித்தோம்.

மைத்துனன் தென்காசிக்காரன். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் வால்பாறையின் நாற்பதையும் விரல் விட்டுச் சொல்வான். மலையில் ஓட்டத் தெரியும் என்று நம் ஊரில் ஒருவர் சொன்னால் அதற்கு அர்த்தம் வளைவில் ஓட்டத் தெரியும் என்பதுதான். எங்கே ஹாரன் அடிப்பது, எங்கே இரண்டாவது கியருக்கு இறக்குவது, ஏறும் வண்டிக்கு எப்படி வழி விடுவது என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. சக்கரம் சாலையைப் பிடித்துக்கொள்ளுமா என்று யோசிக்க வேண்டிய அவசியம் அவனுக்கு வாழ்நாளில் வந்ததே இல்லை. எனக்கும்தான்.

கிளம்புவதற்கு முன் அவன் ஒரு கணக்குப் போட்டான். மணாலி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,050 மீட்டர், ஊட்டி 2,240. "ஊட்டிய விடக் கம்மி அத்தான், பாத்துக்கலாம்." கணக்கு சரிதான். ஆனால் ஊட்டி இருப்பது பதினோராவது பாகை வடக்கில், மணாலி முப்பத்திரண்டில். மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வரும் குளிர்காலக் காற்றழுத்தத் தாழ்வுகள், வானிலைக்காரர்கள் 'வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ்' என்று சொல்பவை, ஊட்டி வரைக்கும் எட்டுவதில்லை. இமயத்தில் முட்டி இங்கேயே கொட்டித் தீர்த்துவிடும்.

எங்கள் கார் ஐந்து வயதான சின்ன ஹேட்ச்பேக். பெட்ரோல், முன்சக்கர இழுவை. டயர்கள் 38,000 கிலோமீட்டர் ஓடியவை. டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும் என்கிறது நம் சட்டம். என்னுடையவற்றில் இரண்டரை இருந்திருக்கும், ஆகவே சட்டப்படி நான் உத்தமன். ஆஸ்திரியாவில் 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்துவிட்டால் அதைக் குளிர்கால டயர் என்ற கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். நம்மிடம் விற்கும் சாதாரண டயரின் ரப்பர், வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் விறைக்கத் தொடங்கிவிடும். விறைத்த ரப்பர் சாலையின் சொரசொரப்புக்குள் பதியாது. இதையெல்லாம் திரும்பி வந்த பிறகு படித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

கையோடு 'சங்கிலி'யும் கொண்டுபோயிருந்தோம். ஆன்லைனில் வாங்கிய, மஞ்சள் நிறத்தில் பத்து நைலான் பட்டைகள். சக்கரத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டால் பனியில் பிடிமானம் கிடைக்கும் என்று பெட்டியின் மேல் படம் போட்டிருந்தது. போகும் வழியில் சோலங் அருகே காவலர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "செயின் ஹை?" என்று கேட்டபோது, மைத்துனன் டிக்கியைக் காட்டி, "ஹை ஜி" என்றான். நான்கு நாளாக வானம் வெளுத்திருந்தது, சாலை எல்லா வண்டிக்கும் திறந்திருந்தது. அவர் டிக்கியைத் திறந்து பார்க்கவில்லை.

நாங்கள் போய்க்கொண்டிருந்தது அடல் சுரங்கப்பாதைக்கு. 2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்ட அது 9.02 கிலோமீட்டர் நீளம். அதற்கு முன் லாஹௌல் பள்ளத்தாக்குக்குப் போக 3,978 மீட்டர் உயரமுள்ள ரோத்தங் கணவாயைக் கடக்க வேண்டும். குளிர்காலத்தில் கணவாய் அடைபட்டுவிட்டால் அந்தப் பக்கத்து மக்கள் வருடத்தில் ஏறக்குறைய பாதிக் காலம் துண்டிக்கப்பட்டுக் கிடந்தார்கள். ரோத்தங் என்ற பெயருக்கே பிணக்குவியல் என்று பொருள் சொல்கிறார்கள். இன்று அதே மலையின் வயிற்றுக்குள், ஹீட்டர் போட்டுக்கொண்டு, பாட்டு கேட்டபடி பத்துப் பதினைந்து நிமிடத்தில் கடந்துவிடலாம். அந்தச் சௌகரியத்தில்தான் ஆபத்து இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. முன்பு லாஹௌலுக்குக் குளிர்காலத்தில் போவதென்றால் உயிருக்குத் துணிந்தவர்கள் போனார்கள். இப்போது காலைச் சிற்றுண்டி முடித்துவிட்டு எங்களைப் போன்றவர்கள் போகிறோம்.

சுரங்கத்தின் தெற்கு வாயிலில் பாறையும் பழுப்புப் புல்லுமாக இருந்தது. வடக்கு வாயிலில் வெளியே வந்தால் கண் கூசியது. மலை, கூரை, வேலி, எல்லாவற்றின் மேலும் வெள்ளை. சந்திரா ஆறு மட்டும் நடுவில் ஒரு பச்சைக் கோடு. சிஸ்ஸு கிராமத்தில் நிறுத்தி, மற்ற எல்லோரையும் போல, பனியை உருட்டி ஒருவர் மேல் ஒருவர் எறிந்தோம், தேநீர் குடித்தோம், படம் எடுத்தோம். இதை எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

இரண்டு மணிக்கு மேற்கே ஒரு சாம்பல் திரை தெரிந்தது. தேநீர்க் கடைக்காரம்மா பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்க்க ஆரம்பித்தார். அதுதான் அறிவிப்பு. நாங்கள் இன்னொரு தட்டு மேகி கேட்டோம்.

சுரங்கத்துக்குள் நுழையும்போது பூவாகத் தூறிக்கொண்டிருந்தது. தெற்கு வாயிலில் வெளியே வந்தபோது காலையில் பார்த்த பழுப்புப் புல்லையே காணோம். முன்னால் போன வண்டிகளின் தடத்தைத் தவிர வேறு சாலை தெரியவில்லை. ஓரமாக நிறுத்தி, மஞ்சள் பட்டைகளை எடுத்தோம். அந்த இருபது நிமிடங்களைச் சொல்ல வேண்டும். பட்டையை டயரின் மேல் சுற்றி, ரிம்மில் உள்ள இடைவெளி வழியாக உள்ளே விட்டு, மறுபுறம் இழுத்து மாட்ட வேண்டும். எங்கள் காருக்கு அலாய் சக்கரம் இல்லை. சாதாரண இரும்பு ரிம், மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி. மூடியைப் பிடுங்கி எறிந்தால் உள்ளே இருப்பவை சின்னச் சின்ன ஓட்டைகள், பட்டை நுழையவில்லை. கையுறையோடு செய்ய வரவில்லை, கழற்றினால் விரல் மரத்தது. ஓரத்தைச் சீவி எப்படியோ நுழைத்த இரண்டில் ஒன்று இழுக்கும்போதே பட்டென்று அறுந்தது, குளிரில் நைலான் அப்பளம் போல ஆகியிருந்தது. இன்னொன்று பத்தடி போவதற்குள் கழன்று பின்னால் கிடந்தது. என் மனைவி கண்ணாடியை இறக்கி, "அந்தப் பெட்டியில போட்டிருக்க கார் வேற காருங்க" என்றாள். உண்மைதான்.

தமிழில் நமக்கு எல்லாமே பனிதான். மார்கழிக் காலையில் புல்லில் இருப்பதும் பனி, மூடுபனியும் பனி, இமயத்தில் கொட்டுவதும் பனி, குளிர்சாதனப் பெட்டிக்குள் கட்டியாக உறைவதும் பனிக்கட்டி. சக்கரத்துக்கு இவை எல்லாம் வேறு வேறு. புதிதாக விழுந்த பொடிப்பனி நசுங்கிக் கொஞ்சம் பிடி கொடுக்கும். நூறு வண்டி ஏறி அமுக்கிய பனி அதைவிட மோசம். பகலில் உருகிச் சாலையின் குறுக்கே வழிந்த நீர், சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் மெல்லிய கண்ணாடியாக உறைந்து, கீழே உள்ள தாரின் நிறத்தையே காட்டிக்கொண்டு கிடக்குமே, பாலா, அவர்தான் எல்லோரிலும் மோசமானவர். கடுங்குளிரில் இறுகிய பனிக்கட்டியைவிட, பூஜ்ஜியத்தை ஒட்டி மேலே ஈரம் கசியும் கட்டிதான் அதிகம் வழுக்கும். எங்களுக்காக அன்று மாலை அவர் வெள்ளைப் போர்வை போர்த்திப் படுத்திருந்தார்.

சோலங்குக்கு மேலே ஒரு இறக்கம். வேகம் முப்பதுகூட இல்லை. முன்னால் போன டாக்ஸியின் சிவப்பு விளக்கு எரிந்தது. மைத்துனன் பிரேக்கை மிதித்தான், நம் ஊரில் மிதிப்பது போலவே. காலுக்கடியில் ஏபிஎஸ் கடகடவென்று அதிர்ந்தது. கார் வேகம் குறையவே இல்லை. "ஏ அத்தான், பிடிக்கல!" ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுக்க ஒடித்தான், சக்கரங்கள் இடது பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, கார் நேராகப் போய்க்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. விபத்தென்றால் டயர் கிறீச்சிடும் என்றுதான் காது எதிர்பார்க்கிறது. இங்கே ஹீட்டரின் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. வலது பக்கம் பள்ளம். பின்பகுதி மெல்லத் திரும்ப ஆரம்பித்தது, நான் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டேன், என்னவோ அது என்னைக் காப்பாற்றும் என்பது போல. பிறகு மலைப்பக்கம் ஒதுக்கி வைத்திருந்த பனிக் குவியலில் இடது மூக்கு போய்ப் பொதுக்கென்று புதைந்தது. பம்பரில் ஒரு கீறல். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். முப்பது கிலோமீட்டர் வேகத்தில், காய்ந்த தாரில், பிரேக் போட்ட பின் கார் நிற்க ஐந்து மீட்டர் போதும். பனிக்கட்டியின் மேல் உராய்வு ஏழில் ஒரு பங்குதான் என்று வைத்துக்கொண்டால், சமதரையிலேயே முப்பத்தைந்து மீட்டர் ஆகும். இறக்கத்தில் பூமி வேறு இழுக்கிறது. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் தாழும் சரிவாக இருந்தால், கணக்குப்படி கார் நிற்கவே நிற்காது. அங்கே பிரேக் என்பது காலுக்கு ஓர் ஆறுதல், அவ்வளவே. நான்கு சக்கர இழுவை உள்ள வண்டிக்கும் இதே கதிதான். அது ஏறுவதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது. பெரிய எஸ்யூவி வாங்கிவிட்டால் பனி பயந்துவிடும் என்று நினைக்கிற டெல்லிக்காரர்கள் அன்று எங்களுக்கு முன்னும் பின்னும் நிறையப் பேர் குறுக்கே கிடந்தார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பின்னால் வந்த பழைய ஜீப்பிலிருந்து ஒரு லாஹௌல்காரர் இறங்கினார். ஐம்பது வயது இருக்கும், தலையில் கம்பளித் தொப்பி. எங்கள் டயரைக் குனிந்து பார்த்தார், உள்ளங்கையால் தடவினார், ஒன்றும் சொல்லவில்லை. தன் வண்டியிலிருந்து மண்வெட்டி எடுத்து மலைச்சரிவைக் கொத்தி, நான்கு சக்கரத்துக்கும் முன்னால் மண் தூவினார். எங்கள் காரின் கால் மிதியடிகளை உருவி முன்சக்கரங்களுக்கு அடியில், ரோமப்பக்கம் கீழே இருக்கும்படி வைத்தார். மைத்துனனை இறங்கச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்தார். "பிரேக் கோ பூல் ஜாவோ" என்றார். பிரேக்கை மறந்துவிடு. முதல் கியர், கிளட்ச்சிலிருந்து கால் முழுக்க எடுத்தாயிற்று, ஆக்சிலேட்டரிலும் கால் இல்லை. இன்ஜின் தன் இழுப்பிலேயே காரைப் பிடித்துக்கொண்டு, மாட்டுவண்டி வேகத்தில் இறங்கியது. மற்றவர்கள் போன வழுவழுத் தடத்தை விட்டுவிட்டு, ஓரத்தில் மிதிபடாத பனியில் ஒரு பக்கச் சக்கரத்தை ஓட்டினார். முன்னால் போகும் வண்டி அடுத்த வளைவைத் தாண்டும் வரை இவர் நகரவே மாட்டார். பின்னால் ஹாரன் அடித்தார்கள், காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்று வளைவு தாண்டி எங்களிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, தன் ஜீப்பை எடுக்க மேலே நடந்து போனார். பணம் நீட்டினேன். மிதியடியைக் காட்டி, அது வீணாகிவிட்டது, புதிது வாங்கிக்கொள் என்றார்.

அதற்குப் பிறகு வண்டிகள் நகரவில்லை. ஐந்தரை மணி நேரம். கீழே எங்கோ ஒரு பேருந்து குறுக்கே நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். எங்களுக்கு நேர்ந்தது சின்ன விஷயம்; 2024 டிசம்பர் 23 அன்று சோலங்குக்கும் சுரங்கத்துக்கும் இடையே இதே சாலையில் ஏறத்தாழ ஆயிரம் வண்டிகள் மாட்டிக்கொண்டு, இரவில் காவல்துறையினர் ஆட்களை மீட்டுக் கீழே கொண்டுவந்தார்கள். காவலர்கள் வழுக்கும் கார்களின் பக்கத்தில் நடந்தே வந்து உதவினார்கள். எங்களுக்கு வாய்த்த காவலர் இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்க மாட்டார். ஒவ்வொரு காராகக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு வந்தார். ஹீட்டர் போட்டிருக்கிறீர்களா? அப்படியானால் ஒரு கண்ணாடியை இரண்டு விரல் இறக்குங்கள். இறங்கிப் போய் சைலன்சர் குழாயை மூடியிருக்கும் பனியைத் தள்ளிவிடுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை.

மைத்துனன் முனகினான். நான் இறங்கினேன். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரியில் நடந்தது எனக்கு நினைவிருந்தது. அதுவும் மலைவாசஸ்தலம், ஏறக்குறைய ஊட்டி உயரம்தான். பனி பார்க்கக் குடும்பம் குடும்பமாகப் போனவர்கள் ஓர் இரவு சாலையில் மாட்டிக்கொண்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் தங்கள் கார்களுக்குள்ளேயே இறந்தார்கள், அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். குளிர் மட்டும் காரணமில்லை. பனி மூடிய காரில் இன்ஜினை ஓடவிட்டபோது வெளியேற வழியில்லாத புகை உள்ளே வந்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. தூக்கம் வருவது போலத்தான் இருக்கும். எங்கள் சைலன்சரின் வாயில் முக்கால்வாசி அடைத்திருந்தது. கையாலேயே தோண்டினேன்.

காரில் இருந்தது அரை பாட்டில் தண்ணீர், ஒரு முறுக்குப் பொட்டலம், மனைவியின் ஒரு சால்வை. பெட்ரோல் கால் டாங்க். இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு இருபது நிமிடம் அணைத்தோம். பாட்டில் தண்ணீரின் மேல்பரப்பில் ஊசி ஊசியாக உறையத் தொடங்கியதை மனைவி கைப்பேசி வெளிச்சத்தில் காட்டினாள்; அழகாக இருந்தது, யாரும் ரசிக்கவில்லை. எதிர்க்காரில் ஒரு பஞ்சாபிக் குடும்பம் எங்களுக்கு மக்காச்சோள ரொட்டி கொடுத்தது. பதிலுக்கு முறுக்கு.

விடுதிக்கு வந்து சேரும்போது இரவு பதினொன்று. மைத்துனன் பழக்கத்தில் ஹேண்ட் பிரேக்கைச் சர்ரென்று இழுத்தான். வாசலில் நின்ற பையன் ஓடி வந்து, வேண்டாம், இரவில் ஈரம் உறைந்து காலையில் விடாது, கியரில் போட்டுவிட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள் என்றான். வைப்பர்களை நிமிர்த்தி விட்டான். ரேடியேட்டரில் கூலண்டா, வெறும் தண்ணீரா என்று கேட்டான். நம் பக்கத்தில் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொள்கிற வழக்கம் உண்டல்லவா. அப்படி ஊற்றிய வண்டிகளில் நீர் உறைந்து விரிந்து இன்ஜினையே பிளந்ததை அவன் பார்த்திருக்கிறானாம். பக்கத்தில் நின்ற டீசல் லாரியின் டாங்குக்கு அடியில் ஒருவர் அதிகாலையில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். குளிரில் டீசலில் மெழுகு திரண்டுவிடுகிறது. லடாக்குக்கு என்றே, −33 டிகிரியிலும் ஓடக்கூடிய டீசலை 2019-இல்தான் கொண்டுவந்தார்கள். இந்த லாரிக்காரருக்கு அது வந்து சேரவில்லை போலும். காலையில் மைத்துனன் கண்ணாடியில் படிந்த பனிக்கு வெந்நீர் கொண்டுவந்தான். அதே பையன் மறுபடி ஓடி வந்தான், கண்ணாடி விரிசல் விடும் என்று.

மறுநாள் கடைவீதியில் நிஜமான சங்கிலியைப் பார்த்தோம். வாடகைக்குத் தொங்கவிட்டிருந்தார்கள். கையில் வாங்கினால் கிணற்று வாளிச் சங்கிலி போலக் கனத்தது. கடைக்காரர் எங்கள் டயரின் ஓரத்தில் இருந்த எண்ணைப் பார்த்துத் தேடி எடுத்து, தரையில் விரித்து, முன்சக்கரத்தில் மாட்டி, கொக்கியை இழுத்துப் பூட்டினார். ஐம்பது அடி ஓட்டிவிட்டு இறங்கி இன்னொரு முறை இறுக்க வேண்டும், நாற்பதுக்கு மேல் ஓட்டக் கூடாது, தார் தெரிந்தவுடன் கழற்றிவிட வேண்டும் என்றார். ஒரு சக்கரத்துக்கு ஏழு நிமிடம். ஒரு நாள் வாடகை, சிஸ்ஸுவில் நாங்கள் தின்ற மேகிக்குக் கொடுத்ததைவிடக் கொஞ்சம்தான் அதிகம். மைத்துனன் அவரிடம் உட்கார்ந்து மூன்று முறை மாட்டிக் கழற்றிப் பழகினான். கொண்டை ஊசி வளைவைப் பற்றி அன்று அவன் பேசவில்லை.

அன்று சுரங்கத்துக்கு நான்கு சக்கர இழுவை வண்டிகளை மட்டும்தான் விட்டார்கள். நாங்கள் போகவும் நினைக்கவில்லை. இரண்டு நாள் சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுத்துக் காரை நிறுத்திவிட்டு, வெயில் வந்த மூன்றாம் நாள், பதினொரு மணிக்கு மேல், டெல்லிக்கு இறங்கினோம்.

குளிர்காலத்தில் சொந்தக் காரில் மணாலி போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். ஊர் வரைக்கும் சாலை நன்றாக இருக்கிறது. அதற்கு மேலே போக ஆசை இருந்தால் காரை விடுதியில் விட்டுவிட்டு உள்ளூர் ஜீப் ஒன்றில் ஏறிக்கொள்ளுங்கள். ஏறும் முன் ஓட்டுநரிடம், பாலா இருக்கிறாரா என்று கேளுங்கள். அவருக்குத் தெரியும்.